மேலே ஏறும் ஆங்கில வினைகள்: எதற்குப் பின் எந்தப் பிரிபொசிஷன்? முழுமையான வழிகாட்டி

“பஸ்ஸுல ஏறுங்க.” “தென்னை மரத்துல ஏறுறாங்க.” “சென்னிமலைக்கு நடந்தே ஏறுனோம்.” “பவானிசாகர்ல தண்ணி ஏறிருச்சு.” “நூல் விலை ஏறிப்போச்சுங்க.” கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் நாள்தோறும் காதில் விழும் இந்த ஐந்து வாக்கியங்களுக்கும் ‘ஏறு’ என்ற ஒரே வினை போதும். மற்ற வேலையை ‘இல்’, ‘க்கு’ போன்ற உருபுகள் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் வினையும் மாறும், அதை ஒட்டி வரும் சின்னச் சொல்லான பிரிபொசிஷனும் மாறும். நம் ‘இல்’லை அப்படியே ‘இன்’ என்றும், ‘க்கு’வை அப்படியே ‘டு’ என்றும் ஆக்குவதால்தான் “கிளைம் இன் த பஸ்” போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன.

வினைக்கு ஒரு பிரிபொசிஷன் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது இதில் உதவாது. ‘கிளைம்’ என்ற ஒரே வினைக்குப் பின்னால் அப், டு, ஆன்ட்டு, இன்ட்டு, ஓவர், அவுட் ஆவ் எல்லாமே வரலாம். எது வரும் என்பதை வினை முடிவு செய்வதில்லை, அசைவின் வடிவம் முடிவு செய்கிறது. தானாக ஏறுகிறதா, எதன் மீது ஏறுகிறது, எங்கே போய்ச் சேருகிறது, எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு ஏறியது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் சொல் தானாக வந்து நிற்கும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் இரண்டு குறிப்புகள். ஒரு எஃப் உள்ள சொல்லை ‘ஆவ்’ என்றும், இரண்டு எஃப் உள்ளதை ‘ஆஃப்’ என்றும் எழுதியிருக்கிறோம். ‘கிளைம்’ என்ற சொல்லின் கடைசியில் எழுத்தில் பி உண்டு, உச்சரிப்பில் கிடையாது. இறந்த காலமும் ‘கிளைம்ட்’தான்.

முதல் படி: ஏறுகிறதா, ஏற்றுகிறார்களா?

தமிழில் ஏறு – ஏற்று, உயர் – உயர்த்து என்று தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. இந்தப் பிரிவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாலே பாதிப் பிழை போய்விடும். தானாக உயர்ந்தால் ‘ரைஸ்’. அதன் காலங்கள் ரைஸ், ரோஸ், ரிஸன். யாராவது உயர்த்தினால் ‘ரெய்ஸ்’. அதன் காலங்கள் ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்.

ஏற்றுமதி அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி வருவது “யார்ன் ப்ரைஸஸ் ஹேவ் ரெய்ஸ்ட்” என்ற வாக்கியம். இது தவறு. ‘ரெய்ஸ்ட்’ என்றதும் படிப்பவர் மனதில் “எதை?” என்ற கேள்வி எழும், அதற்கு அங்கே பதில் இல்லை. “யார்ன் ப்ரைஸஸ் ஹேவ் ரிஸன்” என்றால் நூல் விலை உயர்ந்திருக்கிறது. “த மில்ஸ் ஹேவ் ரெய்ஸ்ட் யார்ன் ப்ரைஸஸ்” என்றால் மில்காரர்கள் உயர்த்தியிருக்கிறார்கள். விலை பேசும் இடத்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல. யார் மீது பொறுப்பு என்பதையே இது மாற்றிவிடுகிறது.

செயப்பாட்டு வினையில் ‘பை’ இரண்டு வேலை செய்யும். “ப்ரைஸஸ் வேர் ரெய்ஸ்ட் பை த மில்ஸ்” என்பதில் ‘பை’ யாரால் என்பதைச் சொல்கிறது. “ப்ரைஸஸ் வேர் ரெய்ஸ்ட் பை டென் ருபீஸ்” என்பதில் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் காதுக்கு இடறும். அப்போது மில்லை எழுவாயாக்கி, “த மில்ஸ் ரெய்ஸ்ட் ப்ரைஸஸ் பை டென் ருபீஸ்” என்று எழுதிவிடுங்கள்.

மூட்டை ஏற்றுவதற்கு ‘லிஃப்ட்’, ‘லோட்’ இரண்டும் பயன்படும், ஆனால் அமைப்பு வேறு. கையால் தூக்கி வைப்பது “லிஃப்ட் த சாக் ஆன்ட்டு த லாரி”. சுமை ஏற்றும் வேலை முழுவதையும் சொன்னால் “லோட் த சாக்ஸ் ஆன்ட்டு த லாரி”. லாரியை முன்னால் வைத்தால் பிரிபொசிஷன் மாறி “லோட் த லாரி வித் சாக்ஸ்” ஆகிவிடும். ‘லிஃப்ட்’டை இப்படித் திருப்ப முடியாது.

இரண்டாம் படி: பிரிபொசிஷன் தேவையா என்று பாருங்கள்

சில வினைகள் ஏறப்படும் பொருளை நேராகவே எடுத்துக்கொள்ளும். ‘போர்ட்’, ‘ஸ்கேல்’, ‘அசெண்ட்’, ‘மவுண்ட்’ ஆகியவை அப்படி. “போர்ட் த பஸ்” என்பதே முழுமை. இடையில் இன், ஆன், டு எதுவும் கூடாது. “ஸ்கேல் த வால்” என்பதும் அப்படியே. ‘அசெண்ட்’டுக்குள்ளேயே மேலே என்ற பொருள் இருப்பதால் “அசெண்ட் அப்” என்பது கூறியது கூறல். “அசெண்ட் த ஸ்டெப்ஸ்” என்றால் போதும். இது கல்வெட்டுக்கும் அறிக்கைக்கும் ஏற்ற கனமான சொல். வீட்டுப் பேச்சில் ‘கோ அப்’ போதுமானது.

‘மவுண்ட்’டில் ஒரு திருப்பம் உண்டு. குதிரை மீது ஏறினால் “மவுண்ட் த ஹார்ஸ்”. மோட்டாரைப் பீடத்தில் பொருத்தினால் “மவுண்ட் த மோட்டர் ஆன் த பேஸ்”. கோவைப் பட்டறைகளில் அதிகம் தேவைப்படுவது இரண்டாவதுதான். அதில் ‘ஆன்’ விடுபடக் கூடாது.

கோ, கம், வாக், ரன், கெட் ஆகியவை நேரெதிர். இவை தனியாக எந்த மேட்டையும் ஏறாது. “கோ த ஸ்டெப்ஸ்” என்று சொல்லவே முடியாது, “கோ அப் த ஸ்டெப்ஸ்” என்றுதான் வரும்.

‘கிளைம்’ இரண்டு பக்கமும் நிற்கும். “கிளைம் த ஹில்”, “கிளைம் அப் த ஹில்” இரண்டும் சரி. ஆனால் நிறம் கொஞ்சம் வேறு. ‘அப்’ இல்லாமல் சொன்னால் பெரும்பாலும் முழு மலையும் ஏறி முடித்ததாகப் படும். ‘அப்’ சேர்த்தால் ஏறிய வழியின் மேல் கண் போகிறது, உச்சியைத் தொட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெள்ளியங்கிரியில் ஏழாவது மலை வரை போய் வந்தவர் “வி கிளைம்ட் த வெள்ளியங்கிரி ஹில்ஸ்” என்று தாராளமாகச் சொல்லலாம். மூன்றாவது மலையோடு திரும்பியவருக்கு “வி கிளைம்ட் அப் ஆஸ் ஃபார் ஆஸ் த தேர்ட் ஹில்” என்பதே பொருந்தும். “வி கிளைம்ட் ஆன் த ஹில்” என்பதை இருவருமே தவிர்க்க வேண்டும். ‘மலையில் ஏறினோம்’ என்பதன் ‘இல்’தான் இங்கே ‘ஆன்’ ஆக மாறி நுழைந்திருக்கிறது.

மூன்றாம் படி: ‘அப்’ எந்த வேலை செய்கிறது?

இந்தப் படியில்தான் நன்றாகப் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ‘அப்’ சில இடங்களில் பிரிபொசிஷன், சில இடங்களில் வினையோடு ஒட்டிய துணைச்சொல். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

“ரன் அப் த ஹில்” என்றால் மேட்டின் மேல் ஓடு. “புல் அப் த பக்கெட்” என்றால் வாளியை மேலே இழு. முதலாவதில் ‘அப்’ மேட்டோடு சேர்ந்தது, இரண்டாவதில் இழுப்பதோடு சேர்ந்தது. கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். மேட்டை ‘இட்’ ஆக்கினால் “ரன் அப் இட்”. வாளியை ‘இட்’ ஆக்கினால் “புல் இட் அப்”. பிரிபொசிஷனாக இருக்கும் ‘அப்’புக்குப் பின்னால்தான் ‘இட்’ நிற்கும். துணைச்சொல்லாக இருந்தால் ‘இட்’ நடுவில் புகுந்தே ஆக வேண்டும்.

அதனால் “புல் அப் இட்”, “லிஃப்ட் அப் இட்”, “பிக் அப் இட்” மூன்றும் பிழை. “கிளைம் இட் அப்” என்பதும் பிழை. மரத்தைச் சுட்டினால் “கிளைம் அப் இட்” அல்லது வெறும் “கிளைம் இட்”. முழுப் பெயர் வரும்போது மட்டும் துணைச்சொல்லுக்கு இரண்டு இடமும் உண்டு: “புல் அப் த பக்கெட்”, “புல் த பக்கெட் அப்”. நீளமான பெயராக இருந்தால் ‘அப்’பை முன்னாலேயே வைத்துவிடுங்கள். “புல் த பக்கெட் வி பாட் அட் த சந்தை லாஸ்ட் வீக் அப்” என்று கடைசியில் தொங்கவிட்டால் கேட்பவர் அதற்குள் வினையை மறந்திருப்பார்.

நான்காம் படி: எங்கே போய்ச் சேருகிறது?

‘டு’ என்பது வெறும் இலக்கு. சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படிகள் என்பார்கள். அதை ஆங்கிலத்தில் “தேர் ஆர் 1,320 ஸ்டெப்ஸ் அப் டு த டெம்பிள்” என்று சொல்லலாம். படி வழி, கோயில் இலக்கு. ஆகவே “வி வாக்ட் அப் த ஸ்டெப்ஸ் டு த டெம்பிள்”. வழிக்கு ‘அப்’, இலக்குக்கு ‘டு’, அவ்வளவுதான். “வி வென்ட் பை ஸ்டெப்ஸ்” என்பது நம்மிடையே புழங்கினாலும் “வி வென்ட் அப் த ஸ்டெப்ஸ்” என்பதே இயல்பு. ‘பை’ வண்டிக்கும் கருவிக்கும் உரியது, அதுவும் முன்னால் ‘த’ இல்லாமல். பழனியில் வின்ச்சில் போனால் “பை வின்ச்”, ரோப் காரில் போனால் “பை ரோப் கார்”. ‘த’ சேர்த்தால் “இன் த ரோப் கார்” என்று மாறிவிடும். நடந்து போனால் “ஆன் ஃபுட்”. “பை வாக்” என்பதை எழுத்தில் விட்டுவிடலாம்.

‘ஆன்ட்டு’ என்பது ஒரு பரப்பின் மேல் போய் நிற்பது. மொட்டை மாடியில் நிற்பவர் “ஆன் த ரூஃப்”. ஏணி வைத்து அங்கே போய்ச் சேர்வது “கிளைம் ஆன்ட்டு த ரூஃப்”. நிலைக்கு ‘ஆன்’, போய்ச் சேர்வதற்கு ‘ஆன்ட்டு’. பேச்சில் ‘ஆன்’ இரண்டுக்கும் ஓடும், ஆனால் பொருள் குழம்பும் இடத்தில் ஓடாது. “லிஃப்ட் த சாக் ஆன் த லாரி” என்றால் லாரி மேல் இருக்கும் மூட்டையைத் தூக்கு என்றும் படும். ‘ஆன்ட்டு’ போட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

‘இன்ட்டு’ என்பது ஒன்றின் உள்ளே போவது. லாரி டிரைவர் கேபினுக்குள் ஏறினால் “கிளைம்ட் இன்ட்டு த கேப்”. லோடுமேன் மூட்டைகளின் மேல் ஏறினால் “கிளைம்ட் ஆன்ட்டு த லோட்”. ஒரே லாரி, இரண்டு பிரிபொசிஷன்.

வண்டிகளுக்கு ‘கெட்’ வினையோடு இதே தர்க்கம் வரும். உள்ளே நின்று நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கும், காலைப் போட்டு உட்காரும் சைக்கிள், ஸ்கூட்டருக்கும் “கெட் ஆன்”. குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய கார், ஆட்டோவுக்கு “கெட் இன்ட்டு” அல்லது “கெட் இன்”. திறந்த டிராக்டர் ‘ஆன்’ பக்கம். இறங்கும்போதும் அதே பிரிவுதான்: பஸ்ஸை விட்டு “கெட் ஆஃப்”, காரை விட்டு “கெட் அவுட் ஆவ்”. “கெட் டவுன் ஃப்ரம் த பஸ்” இந்தியாவில் எங்கும் புரியும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது “கெட் ஆஃப் த பஸ்” என்று எழுதுங்கள்.

‘ஓவர்’ என்றால் ஏறி அந்தப் பக்கம் இறங்குவது. தோட்டத்துச் சுவரை வைத்தே நான்கையும் பார்த்துவிடலாம். பல்லி “அப் த வால்” ஏறுகிறது. சுவரின் முகத்தில் ஊர்கிறது. பூனை “ஆன்ட்டு த வால்” ஏறுகிறது. மேல் விளிம்பில் உட்காரப் போகிறது. ஆடு “ஓவர் த வால்” தாவுகிறது, பயிர் போயிற்று. குட்டி உடைசல் வழியே “த்ரூ த வால்” வருகிறது. இதில் ஏற்றமே இல்லை.

‘அப் டு’ சேர்ந்து வரும்போது ஒரு எச்சரிக்கை. “ஹி வென்ட் அப் டு த மேனேஜர்” என்றால் மேனேஜர் மாடியில் இருக்கிறார் என்று பொருளல்ல. அவர் அருகே போனார் என்றுதான் பொருள், தரை சமதளமாக இருந்தாலும். ஆளைக் குறித்து ‘கோ’, ‘கம்’, ‘வாக்’ வினைகளோடு ‘அப் டு’ வந்தால் நெருங்கிப் போவது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் இருப்பவரைப் பார்க்கப் போனால் “வென்ட் அப்ஸ்டேர்ஸ் டு சீ த மேனேஜர்” என்று விரித்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: எங்கிருந்து?

இது சுலபம். உள்ளே இருந்து வெளிவந்தால் ‘அவுட் ஆவ்’, ஒட்டியிருந்த பரப்பை விட்டு எழுந்தால் ‘ஆஃப்’, மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஃப்ரம்’. கிணற்றிலிருந்து ஏறி வந்தவர் “கிளைம்ட் அவுட் ஆவ் த வெல்”. அடுப்பிலிருந்து பானையை இறக்கத் தூக்கினால் “லிஃப்டட் த பாட் ஆஃப் த ஸ்டவ்”. நாற்காலியை விட்டு எழுந்தால் “ரோஸ் ஃப்ரம் த சேர்”, வீட்டுப் பேச்சில் “காட் அப் ஃப்ரம் த சேர்”. கவலை (மாடு இழுக்கும் இறைவை) பூட்டி மாடுகள் கிணற்று நீர் இறைத்ததைச் சொல்ல “த புல்லக்ஸ் ட்ரூ வாட்டர் அப் ஃப்ரம் த வெல்”. இன்றைய போர்வெல்லுக்கு “த மோட்டர் பம்ப்ஸ் வாட்டர் அப் ஃப்ரம் த போர்வெல் டு த ஓவர்ஹெட் டேங்க்”. தண்ணீர் தொட்டிக்குள்ளே விழுவதை அழுத்த வேண்டுமானால் கடைசி ‘டு’வை ‘இன்ட்டு’ ஆக்குங்கள்.

ஆறாம் படி: எவ்வளவு ஏறியது?

விலையும் அணை நீர்மட்டமும் நம் பக்கத்தின் அன்றாடச் செய்தி. அதனால் இந்தப் படியில் பிழை வந்தால் விளைவும் அதிகம். மூன்று சொற்களைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: கூடிய அளவுக்கு ‘பை’, வந்து நின்ற அளவுக்கு ‘டு’, இப்போது இருக்கும் அளவுக்கு ‘அட்’.

பவானிசாகர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 105 அடி. எடுத்துக்காட்டாக 90 அடியில் இருந்த நீர் 95 அடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். “த லெவல் ரோஸ் பை 5 ஃபீட்” என்றால் 5 அடி கூடியது. “த லெவல் ரோஸ் டு 95 ஃபீட்” என்றால் 95 அடியை எட்டியது. இரண்டையும் இணைத்தால் “ரோஸ் பை 5 ஃபீட் டு 95 ஃபீட்”. தொடக்கமும் வேண்டுமானால் “ரோஸ் ஃப்ரம் 90 ஃபீட் டு 95 ஃபீட்”. மறுநாள் நிலவரம் சொல்ல “த லெவல் ஸ்டூட் அட் 95 ஃபீட்”. ‘பை’க்குப் பதில் ‘டு’ போட்டு “ரோஸ் டு 5 ஃபீட்” என்று எழுதினால் அணையே வறண்டு கிடந்ததாக ஆகிவிடும். கிலோ நூலுக்கு 10 ரூபாய் கூடியதை “டு 10 ருபீஸ்” என்று எழுதினால் வாங்குபவர் அந்த விலைக்கே கேட்பார்.

இங்கே ‘அப் டு’ வேண்டாம். “ரைஸ் அப் டு 105 ஃபீட்” என்றால் அதிகபட்சம் 105 வரை என்ற வரம்பைக் குறிப்பதாகத் தோன்றும். அளந்த எண்ணைச் சொல்ல வெறும் ‘டு’ போதும்.

‘ரைஸ்’ பெயராக வந்தால் பிரிபொசிஷன் மாறும். எது உயர்ந்ததோ அதற்கு ‘இன்’, எவ்வளவு உயர்ந்ததோ அதற்கு ‘ஆவ்’. “அ ரைஸ் இன் யார்ன் ப்ரைஸஸ்”, “அ ரைஸ் ஆவ் 10 ருபீஸ்”, இரண்டும் சேர்ந்தால் “அ ரைஸ் ஆவ் 10 ருபீஸ் இன் யார்ன் ப்ரைஸஸ்”. ‘இன்க்ரீஸ்’ என்ற சொல்லுக்கும் இதே விதி. “ரைஸ் ஆவ் த ப்ரைஸ்” என்று விலைக்கு ‘ஆவ்’ போடுவது ‘விலையின் உயர்வு’ என்ற தமிழ்த் தொடரின் நிழல்.

உயரத்துக்கு ‘கிளைம்’ வந்தால் ‘பை’ பெரும்பாலும் விழுந்துவிடும். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி உதகையில் 2,203 மீட்டரை எட்டுகிறது. “த ட்ரெயின் கிளைம்ஸ் ஃப்ரம் 326 மீட்டர்ஸ் அட் மேட்டுப்பாளையம் டு 2,203 மீட்டர்ஸ் அட் உதகமண்டலம்” என்று சொல்லலாம். வித்தியாசத்தை மட்டும் சொல்ல “த ட்ரெயின் கிளைம்ஸ் 1,877 மீட்டர்ஸ்” என்று எண்ணை நேராக வினையோடு வையுங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதை ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்ற சரிவில் ஏறுகிறது. சரிவுக்கு ‘அட்’: “த லைன் கிளைம்ஸ் அட் அ கிரேடியண்ட் ஆவ் 1 இன் 12”.

பாதை ஏறும்போது

சாலையும் தண்டவாளமும் அசையாது, ஆனாலும் ஆங்கிலத்தில் அவை ஏறும். இந்த அமைப்பில் எல்லாப் பிரிபொசிஷனும் ஒரே வரியில் அணிவகுக்கும். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். “த ரோட் கிளைம்ஸ் அவுட் ஆவ் பண்ணாரி, அப் த்ரூ 27 ஹேர்பின் பெண்ட்ஸ், டு திம்பம்.” புறப்பாட்டுக்கு ‘அவுட் ஆவ்’, திசைக்கு ‘அப்’, கடந்து போவதற்கு ‘த்ரூ’, முடிவுக்கு ‘டு’. ஆழியாறிலிருந்து 40 வளைவுகளில் ஏறும் வால்பாறைச் சாலையை இதே அச்சில் நீங்களே எழுதிப் பாருங்கள். இதைவிட நல்ல பயிற்சி இல்லை. வளைவுகளுக்கு ‘இன்’ போடத் தோன்றினால், ‘வளைவுகளில்’ என்ற தமிழ் உருபு கையைப் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டு ‘த்ரூ’வுக்குத் திரும்புங்கள்.

உயரமே இல்லாத இடங்கள்

சில சேர்க்கைகளில் மேலே போவது என்ற பொருள் கரைந்திருக்கும், அவற்றை முழுத் தொடராகவே கற்க வேண்டும். ‘ரைஸ் அகெய்ன்ஸ்ட்’ என்றால் எதிர்த்துக் கிளர்ந்தெழுவது. 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையைப் பற்றி “ஹி ரோஸ் அகெய்ன்ஸ்ட் த ஈஸ்ட் இந்தியா கம்பெனி” என்று எழுதலாம். ‘அப்’ சேர்த்து “ரோஸ் அப் அகெய்ன்ஸ்ட்” என்றாலும் சரி. ‘ரைஸ் டு த அக்கேஷன்’ என்றால் நெருக்கடிக்கு ஈடுகொடுப்பது. ‘ரன் அப் அ பில்’ என்றால் கடன் பாக்கியை ஏறவிடுவது. இதில் ‘அப்’ துணைச்சொல், ஆகவே “ரன் இட் அப்”. மேட்டில் ஓடுவதற்கு “ரன் அப் இட்” என்று மூன்றாம் படியில் பார்த்ததை இதோடு ஒப்பிட்டால் சோதனையின் பயன் விளங்கும்.

திருத்திப் பழக ஐந்து

“ஷி கிளைம்ட் இன் த பஸ் அட் காந்திபுரம்.” பஸ்ஸுக்கு ‘காட் ஆன்’, அல்லது பிரிபொசிஷன் இல்லாமல் ‘போர்டட்’.

“த போர்வெல் வாட்டர் ரெய்ஸ்ட் டு 3 ஃபீட் ஆஃப்டர் த ரெயின்.” இதில் பிழை இரண்டு. தானாக உயர்ந்ததால் ‘ரோஸ்’. கூடியது 3 அடி என்றால் ‘பை’.

“த ட்ரீ இஸ் டால், டோண்ட் கிளைம் இட் அப்.” ‘கிளைம் அப் இட்’ அல்லது ‘கிளைம் இட்’.

“தே லோடட் த லாரி ஆன் டர்மரிக் பேக்ஸ்.” லாரி முன்னால் வந்துவிட்டதால் ‘வித்’. இப்போது இருப்பதுபோல விட்டால் மஞ்சள் மூட்டைகளின் மேல் லாரியை ஏற்றியதாகப் பொருள்படும்.

“ப்ளீஸ் கம் அப் டு த செகண்ட் ஃப்ளோர்.” இது சரியான வாக்கியம், ஆனால் சொல்பவர் இரண்டாம் மாடியில் இருந்தால் அல்லது கூடவே வருவதாக இருந்தால் மட்டும். கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதானால் ‘கம்’ என்பதை ‘கோ’ ஆக்க வேண்டும். ‘அப் டு’ அப்படியே இருக்கும்.